ஒரு முழு நாள் யாருடையது?

ஒரு பெண் தன் வாழ்நாளில் எத்தனை முழு நாட்களைத் தனக்கென்று செலவழித்திருப்பாள்? நான் மணிக்கணக்கைக் கேட்கவில்லை. மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒரு மணி நேரம், பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம், பேருந்தில் ஜன்னலோரம் இருபது நிமிடம் என்று நாம் எல்லோரும் எப்படியோ கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறோம். நான் கேட்பது விடியலுக்கு முன் தொடங்கி இருட்டிய பின் முடிகிற ஒரு முழு நாளை. அதுவும் நோய்க்காகவோ கோயிலுக்காகவோ கல்யாண வீட்டுக்காகவோ அல்ல. வீட்டில் யாருக்கும் எதுவும் கிடைக்காத ஒரு காரியத்துக்காக. அப்படி ஒரு நாளை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? பறவைகளை எண்ணப் போன இடத்தில் இந்தக் கேள்விகள் எனக்கு வந்து சேர்ந்தன.

பறவை பார்ப்பவர்களிடம் 'பிக் டே' என்றொரு வழக்கம் இருக்கிறது. ஒரு மாவட்டம், ஒரு மாநிலம் என்று எல்லையை வகுத்துக்கொண்டு, நள்ளிரவிலிருந்து மறு நள்ளிரவு வரை அதற்குள் எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்கவோ குரலைக் கேட்டு அறியவோ முடிகிறது என்று எண்ணுவார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1984 முதல் இது மே மாதத்தில் பெரிய போட்டியாகவே நடக்கிறது. 2015 முதல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் 'குளோபல் பிக் டே' என்று அறிவித்து, உலகெங்கும் உள்ளவர்களின் பட்டியல்களை இ-பேர்டு தளத்தில் சேர்க்கிறது. வட நாடுகளுக்கு அது வசந்தம். தெற்கே போன பறவைகள் வீடு திரும்பும் காலம். நமக்கு அது சித்திரைக் கடைசி, கத்திரி வெயில். வலசை வந்தவற்றில் பெரும்பாலானவை நம்மை விட்டுப் போயிருக்கும். குளங்கள் வண்டல் வெடித்துக் கிடக்கும்.

நமக்குப் பொருத்தமான மாதம் ஜனவரி. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் அந்த மாதத்தில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். தமிழகம் முழுவதற்குமாக 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலையொட்டிய நான்கு நாட்கள். விடுமுறை, நல்ல தட்பவெப்பம், குளத்தில் தண்ணீர், தண்ணீரில் வாத்துகள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்த நான்கு நாட்களில்தான் நம் வீடுகளில் பெண்களுக்கு இடுப்பு ஒடியும் வேலை. வீட்டை மெழுகிக் கழுவி, கோலம் போட்டு, பானை வைத்து, வருகிறவர்களுக்குப் பரிமாறி முடிப்பதற்குள் கரிநாள் வந்துவிடும். யாரும் திட்டமிட்டுப் பெண்களை விலக்கவில்லை. விடுமுறை என்றால் எல்லோருக்கும் விடுமுறை என்று எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரும்பாலான விலக்கல்கள் இப்படித்தான் நடக்கின்றன.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சமைப்பது, துவைப்பது, கூட்டுவது போன்ற கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவழிக்கிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். இந்த எண்ணைப் பலமுறை படித்திருக்கிறோம். ஆனால் கூட்டுத்தொகை ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. அந்த 299 நிமிடங்கள் ஒரே கட்டாக வருவதில்லை. காலையில் அறுபது, பத்து மணிக்குப் பதினைந்து, உச்சியில் எழுபது என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் மிச்ச நேரமும் சிதறிப்போகிறது. ஆணுக்கு ஓய்வு நோட்டாகக் கிடைக்கிறது, நமக்குச் சில்லறையாக. கூட்டிப் பார்த்தால் ஒருவேளை தொகை சமமாகக்கூட இருக்கலாம். ஆனால் சில்லறையைக் கொண்டு ஒரு முழு நாளை வாங்க முடியாது.

நாங்கள் மூன்று பேர் அந்த மே மாதச் சனிக்கிழமையை வாங்கினோம். மூவரும் பள்ளி ஆசிரியைகள், கோடை விடுமுறை. எல்லை, 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த எங்கள் தென்காசி மாவட்டம். விடியலுக்கு முன் கடையநல்லூர் மொட்டை மாடியில் புள்ளி ஆந்தையின் குரலோடு கணக்கு தொடங்கியது. காலையில் மேற்கே கருப்பாநதி அணைப் பக்கம், மலையடிவாரத்து மாந்தோப்புகள். அங்கே மாம்பழச்சிட்டு, செம்மீசைச் சின்னான், புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழியின் கூவல். பிறகு ஊரைச் சுற்றிய குளங்கள். மத்தியான வெயிலில் பறவைகளே நிழலுக்குள் ஒடுங்கிவிட, நாங்கள் பேருந்தேறிச் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடுகளுக்குப் போனோம். கௌதாரியும் வானம்பாடியும் பனை உழவாரனும் அங்கே. மாலையில் மீண்டும் குளக்கரை. மொத்தம் 58 வகை. நாட்டில் அன்று போடப்பட்ட பட்டியல்களில் இது ஒன்றும் பெரிய எண் அல்ல.

காலையில் முதல் குளத்தங்கரையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலூன்றி நின்றார். "என்னம்மா தேடுதீக? நகை ஏதும் தொலைஞ்சிட்டோ?" என்றார். "பறவை கணக்கெடுக்கோம்யா" என்றோம். "கவர்மென்டு வேலையா? அப்ப சரி, பாருங்க" என்று போய்விட்டார். அன்று இன்னும் மூன்று இடங்களில் ஏறக்குறைய இதே உரையாடல் நடந்தது. கணக்கெடுப்பு என்ற சொல்லுக்கு அப்படியொரு மந்திர சக்தி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் ஆசிரியைகள் வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகிய ஊர். வேலையாக வந்த பெண் வெயிலில் நிற்கலாம், கரையில் உட்காரலாம், அந்நியரிடம் பேசலாம். சும்மா வந்த பெண் கூடாது.

மும்பை நகரத்தை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் எழுதிய 'வொய் லாய்ட்டர்?' நூல் இதைத்தான் விரிவாகப் பேசியது. பொது இடத்தில் பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. காரணமில்லாமல் நிற்பதே அவளுக்கு மறுக்கப்பட்ட உரிமை. எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் யாரும் எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்பதில்லை. குளத்தில் ஆள்காட்டிக் குருவி ஒன்று எங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே வந்தது. மனித நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஆனால் அது ஆண், பெண் பார்த்துக் கத்துவதில்லை.

பறவை எண்ணுவதால் பயன் இல்லையா என்றால், இருக்கிறது. இப்படிப் பொதுமக்கள் சேர்த்த பட்டியல்களை வைத்துத்தான் 2023-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. நாளைக்கு ஒரு குளத்தை மூடிக் கட்டடம் எழுப்ப வந்தால், அங்கே என்னவெல்லாம் வாழ்ந்தன என்பதற்குப் பட்டியல் சாட்சி. இதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் பயனைச் சொல்லித்தான் என் நாளை நியாயப்படுத்த வேண்டும் என்றால், நான் மறுபடியும் ஒரு வேலைக்குத்தான் போயிருக்கிறேன். முதலாளி மட்டும் மாறியிருக்கிறார். வீட்டுக்குப் பதிலாக அறிவியல்.

பயனை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த நாளில் என்ன இருந்தது? ஐரிஸ் மர்டாக் என்ற தத்துவவாதி 1970-ல் வெளியான 'தி சாவரின்டி ஆஃப் குட்' நூலில் ஓர் உதாரணம் தருகிறார். மனத்தில் கசப்பும் கவலையுமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போது, கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு ஒன்று காற்றில் நிலைத்து நிற்பதைக் காண்கிறார். அந்தக் கணத்தில் அடிபட்ட 'நான்' மறைந்து, பறவை மட்டும் இருக்கிறது. திரும்பவும் தன் கவலைக்கு வரும்போது அது சிறுத்துவிட்டிருக்கிறது. தன்னை மறந்து இன்னொன்றை உள்ளபடி பார்ப்பதே அறத்தின் தொடக்கம் என்பது அவர் வாதம்.

முதலில் படித்தபோது எனக்கு இதில் ஒரு தயக்கம் இருந்தது. தன்னை மறப்பதா? அதைத்தானே நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்குகிறார்கள்? தன் பசியை மறந்து பரிமாறுகிறவள், தன் காய்ச்சலை மறந்து பிள்ளையின் காய்ச்சலைப் பார்க்கிறவள் என்றுதானே நம்மைப் புகழ்கிறார்கள்? 'நான்' என்று சொல்லவே சிரமப்பட்டுக் கற்றுக்கொள்கிறவர்களிடம் அதைக் கைவிடு என்பது என்ன அறம்?

குளக்கரையில் நின்றபோது எனக்கு ஒரு வேறுபாடு புரிந்தது. வீட்டில் நான் மறைந்துபோவது, யாருக்கோ நான் தேவைப்படுவதால். அங்கே என் கவனம் முழுக்க அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்பதில் இருக்கிறது. டம்ளர் காலியாகிவிட்டதா, முகம் வாடியிருக்கிறதா, குரல் உயர்கிறதா? பறவைக்கு நான் தேவையே இல்லை. பாசி படர்ந்த கொஞ்சத் தண்ணீரில் நின்ற நத்தைகுத்தி நாரைக்கு நான் பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். நான் திரும்பிக்கொண்டால் அது பட்டினி கிடக்காது, கோபித்துக்கொள்ளாது. எந்தக் கோரிக்கையும் வைக்காத ஒன்றை நாள் முழுக்கப் பார்ப்பது எனக்குப் பழக்கமே இல்லாத அனுபவம். அன்று என்னிடமிருந்து விலகியது 'நான்' அல்ல. யாரோ எப்போதும் என்னை அழைக்கப்போகிறார்கள் என்ற காத்திருப்பு. மர்டாக் சொல்லும் தன்மறதி, முதலில் ஒரு தன் இருக்க இடம் கிடைத்தவர்களுக்கே சாத்தியம் என்று நினைக்கிறேன். நமக்கு அந்த இடம் சில சமயம் ஒரு நாள் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டியிருக்கிறது.

பார்ப்பதற்குப் பழகிய கண்ணும் நடுநிலையானதல்ல. அன்று காலை முழுக்க மாந்தோப்பில் குயில் கூவியது. இனிய குரலுள்ள பெண்ணைக் குயில் என்கிறோம். ஆனால் மரத்தின் உச்சியிலிருந்து அப்படிக் கூவுவது கரிய ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அதன் குரல் கிக்-கிக்-கிக் என்று வெட்டி வெட்டி வரும். பலர் அதை வேறு ஏதோ பறவை என்றே நினைக்கிறார்கள். பெண்ணின் பெயரைச் சொல்லி ஆணின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அறிவியலிலும் இது நடந்திருக்கிறது. பாடுவது ஆண் பறவையின் வேலை என்பது நெடுங்காலம் பாடநூல் உண்மையாக இருந்தது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, தகவல் கிடைத்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்று காட்டியது. ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தார்கள். அங்கே பெண் பறவைகள் பாடுவது குறைவு. அதையே உலகத்துக்கும் விதியாக்கிவிட்டார்கள்.

மாலையில் சம்பங்கோரைக்கு அருகே மயில் உள்ளான் ஒன்றைப் பார்த்தோம். அதில் பெண்ணுக்குத்தான் செம்பழுப்புக் கழுத்தும் பளிச்சென்ற நிறமும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். இதைச் சொன்னால் வகுப்பில் மாணவிகள் கைதட்டுவார்கள். ஆனால் இதிலிருந்து நமக்கு நீதி எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். மயில் உள்ளானைக் காட்டி நாம் உரிமை கேட்டால், முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் நூறு தாய்ப் பறவைகளைக் காட்டி நம்மை அடுப்படிக்கு அனுப்புவார்கள். பறவைகள் நமக்குச் சட்டம் எழுதித் தரவில்லை. எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதை மட்டும் அவை காட்டித் தரலாம்.

பறவைகளில் மட்டுமல்ல, பார்த்தவர்களிலும் பெண்கள் கணக்கில் விடுபட்டிருக்கிறார்கள். 1923-ல் பீகாரில் பிறந்த ஜமால் ஆரா கல்லூரி வாசல் ஏறாதவர். சோட்டாநாக்பூர் காடுகளின் பறவைகளைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். 1970-ல் நேஷனல் புக் டிரஸ்ட் அவருடைய 'வாட்சிங் பேர்ட்ஸ்' நூலை வெளியிட்டது. 1980களின் இறுதியோடு அவர் எழுத்து நின்றுபோனது. அவர் என்ன ஆனார் என்றுகூடப் பறவை உலகம் நெடுநாள் கேட்கவில்லை. அண்மைக் காலத்தில்தான் அவர் கதை மீட்டெடுக்கப்பட்டிருக்கிறது. முஸ்லிம் பெண் பிள்ளைகள் நிறையப் படிக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி விலைக்கு வருகிறேன். அன்று எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பில் நின்றது என் மதினி. "ராத்திரிக்கு மாவு இருக்கு, நீ மெதுவா வா" என்று அனுப்பினாள். அண்ணன் அன்று வீட்டில்தான் இருந்தான். அவனும் மனமுவந்து அனுமதி தந்தான். ஆனால் அவன் தந்தது அனுமதி. நாளைத் தந்தவள் மதினி. அனுமதிக்குச் செலவு கிடையாது.

பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். எங்கள் பகுதியில் ஆயிரக்கணக்கான பெண்களைப் போல அவளும் பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. "நீ குருவிய எண்ணு டீச்சர், நான் பீடிய எண்ணுதேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. எனக்கு அது சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள். அவளுக்கு ஒரு நாள் என்பது கடையில் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை.

மத்தியானத்துக்கு முன் ஒரு வற்றிய குளத்தில் நூறு நாள் வேலைப் பெண்கள் வண்டல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குறுக்கே நடந்தபோது ஒருத்தி குரல் கொடுத்தாள்: "அங்கன பாத்து வாங்க, ஆள்காட்டி முட்டை கெடக்கு." தரையில் சரளைக்கு நடுவே, சரளை போலவே புள்ளியிட்ட நான்கு முட்டைகள். அவற்றைச் சுற்றி ஒரு பாய் அளவு மண்ணை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அவர்களும் விடிந்ததிலிருந்து வெளியில்தான் இருக்கிறார்கள், நாள் முழுக்கப் பறவைகளுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். எங்களைவிட நன்றாகப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த நாள் அவர்களுடையது அல்ல. வெளியே இருப்பது மட்டுமே விடுதலை ஆகிவிடாது என்பதை வேறெந்த வாதத்தையும்விட அந்த வெட்டாத மண் எனக்குத் தெளிவாகச் சொன்னது.

அமெரிக்காவின் ஃபீபி ஸ்னெட்சிங்கருக்கு 1981-ல் புற்றுநோய் முற்றிவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள். நான்கு பிள்ளைகளின் தாய். மிச்ச நாட்களைப் பறவைகளுக்குக் கொடுத்தார். அது பதினெட்டு ஆண்டுகள் நீண்டது. 8,000 இனங்களுக்கு மேல் பார்த்த முதல் மனிதர் அவர்தான். 1999-ல் மடகாஸ்கரில் பறவை தேடிப் போன பயணத்தில் வாகன விபத்தில் இறந்தார். பயணங்களுக்காகத் தாயின் இறுதிச் சடங்கையும் ஒரு மகளின் திருமணத்தையும் தவறவிட்டவர் என்று அவரைப் பற்றி எப்போதும் சொல்கிறார்கள். உலகம் சுற்றிய ஆண்கள் எத்தனை திருமணங்களைத் தவறவிட்டார்கள் என்று யாரும் பட்டியல் போடவில்லை என்பது உண்மை. ஆனால் ஆண்கள் செய்ததை நாமும் செய்தோம் என்பதோடு நம் அறம் முடிந்துவிடக் கூடாது. வேறொருத்தியின் முதுகில் ஏறிப் பெற்ற நாளை விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காகக் குற்றவுணர்வோடு வீட்டிலேயே இருந்துவிடுவதும் விடையல்ல. நான் போகாமல் இருந்தால் மதினிக்கு ஒரு நாள் கிடைத்துவிடாது. அடுப்படியில் இருவர் நிற்போம், அவ்வளவுதான். செய்ய வேண்டியது கடனைச் சரியான ஆளின் பெயரில் எழுதுவது. மதினி எனக்குத் தந்ததை நான் அவளுக்குத் திருப்பித் தர வேண்டும்; ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தேன். அவள் பறவை பார்க்கப் போகவில்லை. எங்கே போனாள் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் பெண்கள் இருவர் ஒரே நாளை மாற்றி மாற்றிக் கைமாற்றிக்கொண்டிருந்தால் மொத்தத்தில் எதுவும் கூடாது. அண்ணனின் நாளும் சுற்றுக்கு வர வேண்டும். உதவியாக அல்ல, அவன் பங்காக. பக்கத்து வீட்டு அக்காவுக்கோ இது வீட்டுக்குள் தீரும் விஷயமே அல்ல. ஒரு நாள் பீடி சுற்றாவிட்டாலும் அன்றைய சோறு உறுதி என்ற கூலி வேண்டும், சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். அவளுடைய முழு நாள் சங்கமும் சட்டமும் சேர்ந்து வாங்கித் தர வேண்டியது.

இ-பேர்டு தளத்தில் பட்டியலைப் பதிவேற்றும்போது சில கேள்விகள் கேட்பார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் பார்த்தீர்கள்? கடைசியாக, கண்டறிந்த எல்லாவற்றையும் பதிந்துவிட்டீர்களா, இது முழுப் பட்டியலா என்று ஒரு கேள்வி. நாங்கள் ஆம் என்று பதிந்தோம். பறவைகளைப் பொறுத்தவரை அது சரி. இதைப் படிக்கும் பெண்களுக்கு, குறிப்பாக மாணவிகளுக்கு, நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பறவையோ, ஆறோ, வெறும் தூக்கமோ, எதுவானாலும் சரி. பயன் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அந்த நாளை உங்களுக்குத் தந்தது யார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலில் தொடர்ந்து பெண்களின் பெயர்களே வந்துகொண்டிருந்தால், அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள், வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து.